கூண்டுக்கு வெளியே – 17: அழைப்பு வராத கட்சிக்காரர்

குற்ற வழக்கில் இரண்டே தரப்புகள்: ஒன்று அரசு, மற்றது குற்றம் சாட்டப்பட்டவர். வீட்டில் களவு போனவர், அடிபட்டவர், மகனைப் பறிகொடுத்த தாய் ஆகிய எல்லோரும் சட்டத்தின் பார்வையில் அரசுத் தரப்புச் சாட்சிகள்தாம். சம்மன் வந்தால் போக வேண்டும். கூண்டில் ஏறிக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். எதிரே நிற்பவரிடம் 'ஏன் செய்தாய்' என்று கேட்க வழியில்லை. இந்த ஏற்பாடு ஆதியிலிருந்தே இருந்ததல்ல. ஆங்கிலோ-சாக்சன் சட்டங்களில் கொலைக்கும் காயத்துக்கும் உரிய ஈட்டுத்தொகை பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் போனது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி காலம் தொட்டு, குற்றம் என்பது மன்னரின் அமைதியைக் குலைப்பது என்ற கருத்து இங்கிலாந்தில் வேரூன்றியது. ஈட்டுத்தொகை தேய்ந்து, அபராதம் வளர்ந்தது. பணம் குடும்பத்தை விட்டுக் கருவூலத்துக்குப் போயிற்று; வழக்கும் கூடவே போயிற்று.

இழந்த இடத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் திருப்பித் தரும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரண்டு வழிகளில் நடந்தன. ஒன்று, அரசே இழப்பீடு தருவது. நியூசிலாந்து 1963இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு பிரிட்டனும் திட்டம் கொண்டுவந்தது. இரண்டாவது வழிதான் மறுசீரமைப்பு நீதி. குற்றம் புரிந்தவர் தன் செயலை ஒப்புக்கொண்டு, இரு தரப்பும் மனமொப்பினால், பயிற்சி பெற்ற ஒருவர் முன்னிலையில் நேருக்கு நேர் பேசுவார்கள். நடந்தது என்ன, அதனால் நேர்ந்தது என்ன, இனி அதைச் சரிக்கட்டுவது எப்படி என்பவையே பேச்சின் பொருள். முதல் வழியின் வரலாறு பெரும்பாலும் பண ஒதுக்கீட்டின் வரலாறு. இரண்டாவதன் வரலாற்றில் வேறொரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: இந்தச் சந்திப்பைக் கேட்டுப் பெறும் உரிமை யாருடையது?

எல்மைரா, 1974

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எல்மைரா என்னும் சிற்றூர். 1974 மே மாதக் கடைசியில் ஓர் இரவு, பதின்வயது தாண்டாத இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டுத் தெருத்தெருவாகப் போய்க் கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள், ஒரு படகைக்கூட விட்டுவைக்கவில்லை. 22 பேரின் உடைமைகள் சேதமாயின. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டனைக்கு முன் அறிக்கை தயாரிக்க வேண்டியவர் மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அலுவலர். மென்னனைட் என்னும் கிறித்தவப் பிரிவின் சேவை அமைப்போடு தொடர்புடையவர். இந்தப் பையன்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்தால் என்ன என்று அவர் நண்பர்களிடம் பேச்சுவாக்கில் சொன்னார். கூட இருந்த டேவ் வொர்த் அதைப் பிடித்துக்கொண்டார். யோசனை அறிக்கையோடு நீதிமன்றத்துக்குப் போயிற்று.

நீதிபதி கார்டன் மெக்கானல் முதலில் இசையவில்லை. சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. ஆனால் தீர்ப்பு நாளன்று மனம் மாறி, வழக்கை ஒரு மாதம் தள்ளிவைத்து, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பிறகு நடந்ததில் சடங்கும் இல்லை, முன்தயாரிப்பும் இல்லை. பையன்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். யான்ட்சியும் வொர்த்தும் குறிப்பேட்டைக் கையில் பிடித்தபடி சற்றுப் பின்னால் நின்றார்கள். நாங்கள்தான் செய்தோம் என்று பையன்கள் சொல்ல, வீட்டுக்காரர் எவ்வளவு நட்டம் என்பதைச் சொன்னார். ஊரை விட்டுப் போய்விட்ட ஒருவரைத் தவிர எல்லோரையும் பார்த்தாயிற்று. மொத்தச் சேதம் ஏறத்தாழ 2,200 டாலர். அதில் ஏறக்குறையப் பாதியைக் காப்பீடு ஈடுகட்டியிருந்தது. நீதிபதி இருவருக்கும் தலா 200 டாலர் அபராதம் விதித்து, ஒவ்வொருவரும் 550 டாலர் வரை பாதிக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தரவும் உத்தரவிட்டார். சில மாதங்களில் அதே வீடுகளுக்கு மறுபடி நடந்துபோய்ப் பணத்தைக் கொடுத்து முடித்தார்கள்.

எல்மைரா இன்று பாடநூல்களில் மறுசீரமைப்பு நீதியின் பிறப்பிடமாக இடம்பெறுகிறது. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீதிபதிக்குச் சொல்லப்பட்ட காரணம், பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்திப்பது அந்த இளைஞர்களுக்கு நல்லது என்பதே. கதவைத் திறந்த வீட்டுக்காரர்களில் எவரையும், யார் வரப்போகிறார்கள், பார்க்கச் சம்மதமா என்று முன்கூட்டிக் கேட்கவில்லை. சந்திப்பு அவர்களுக்கும் பயன்பட்டது உண்மை. ஆனால் அவர்களுக்காக அது ஏற்பாடாகவில்லை. அடுத்த இருபது ஆண்டுகள் இந்த இயக்கம் போன போக்கில் இந்தப் பிறவிக்குறையின் அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தது.

கிச்சனர் நகரில் இதுவே நிரந்தரத் திட்டமாயிற்று. 1978இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் நகருக்குப் பரவியது. அங்கே பணியாற்றிய ஹவர்ட் சேர் 1990இல் எழுதிய நூல் இயக்கத்துக்கு ஒரு கோட்பாட்டைத் தந்தது. அதற்கு முன்பே, 1977இல், நார்வே குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி ஒரு கட்டுரையில் கடுமையான குற்றச்சாட்டை வைத்திருந்தார். பூசல் என்பது அதில் சம்பந்தப்பட்டவர்களின் சொத்து. அதை அரசும் வழக்கறிஞர்களும் பறித்துக்கொண்டார்கள் என்றார். பாதிக்கப்பட்டவர் குற்றவாளியிடம் ஒருமுறை தோற்கிறார். சொந்த வழக்கிலேயே பங்கில்லாமல் இன்னொரு முறை தோற்கிறார் என்பது அவர் வாதம். மறுசீரமைப்பு நீதி பற்றி எழுதுபவர்கள் இன்றுவரை அதிகம் எடுத்தாளும் கட்டுரைகளில் அது ஒன்று.

நியூசிலாந்து: சட்டம் வந்தது, அழைப்பு வரவில்லை

தனித்தனித் திட்டங்களாக இருந்ததை ஒரு நாட்டின் நடைமுறையாகவே ஆக்கிய முதல் சட்டம் நியூசிலாந்தில் 1989 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னணியில் மாவோரி மக்களின் நெடுநாள் மனக்குறை இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளை அரசு விடுதிகளுக்கும் சீர்திருத்த இல்லங்களுக்கும் கொண்டுபோனபோது, குடும்பமும் குலமும் அந்த முடிவில் ஒரு பொருட்டாகவே கருதப்படவில்லை. ஜான் ரங்கிஹாவு தலைமையிலான குழு 1980களின் நடுவில் இதை வெளிப்படையாக எழுதி அரசிடம் தந்தது. புதிய சட்டத்தின்படி, இளம் வயதினர் செய்த குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கும் முன் குடும்பக் கூட்டம் ஒன்று கூட வேண்டும். பையன் அல்லது பெண், பெற்றோர், உறவினர், போலீஸ் அதிகாரி, கூட்டத்தை ஒருங்கிணைக்கும் அலுவலர், பாதிக்கப்பட்டவர் ஆகியோர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். குடும்பத்தார் தனியே கூடி ஒரு திட்டம் வகுப்பார்கள். அதற்கு எல்லோரும் இசைய வேண்டும்.

பாதிக்கப்பட்டவருக்குச் சட்டத்திலேயே ஓர் இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தாரா என்பதை கேப்ரியல் மேக்ஸ்வெல், ஆலிசன் மாரிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பாதிக்கும் குறைவான கூட்டங்களில்தான், ஏறத்தாழ 41 சதவீதத்தில், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பாக ஒருவரோ இருந்தார். மன்னிக்க மனமில்லை, முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்பவை காரணங்களாக இருக்கும் என்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் குற்றம் செய்தவரைச் சந்திக்க விருப்பமில்லை என்று சொன்னவர்கள் 6 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் சொன்ன காரணங்கள் சாதாரணமானவை: அழைக்கவே இல்லை, கடைசி நேரத்தில் சொன்னார்கள், வேலை நாளில் வரச் சொன்னார்கள். நேரமும் இடமும் குடும்பத்தின் வசதிப்படி அமைந்தன. பாதிக்கப்பட்டவரின் வசதியைக் கேட்க வேண்டும் என்று பல ஒருங்கிணைப்பாளர்களுக்குத் தோன்றவில்லை.

வந்தவர்களின் அனுபவமும் ஒரே மாதிரி இல்லை. பலர் கூட்டத்தால் பயன் பெற்றதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர், போனதால் மனம் இன்னும் நொந்ததாகச் சொன்னார். அதற்குக் காரணங்களில் ஒன்று சட்டத்திலேயே இருந்தது. இளைஞர் பக்கம் தாய், தந்தை, மாமன், பாட்டி எனச் சுற்றம் முழுதும் உட்கார்ந்திருக்க, பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் தனியே வந்து உட்கார வேண்டியிருந்தது. துணைக்கு ஆள் அழைத்து வரும் உரிமை 1994 திருத்தத்தில்தான் கிடைத்தது. சட்டத்தை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தால் இதை விடவில்லை. அவர்கள் மனத்தில் இருந்தது பிள்ளையும் குடும்பமும். பாதிக்கப்பட்டவர் அந்தச் சித்திரத்தின் ஓரத்தில் இருந்தார்.

பிற்பாடு வந்தவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றார்கள். வட அயர்லாந்தில் 2003இல் தொடங்கிய இளையோர் கூட்ட முறையில் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பானவரோ வந்த கூட்டங்கள் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டின. ஒருங்கிணைப்பாளர்கள் வீடு தேடிப் போய் விளக்கி, அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் கூட்டம் வைத்ததும் இதற்கு ஒரு காரணம். நியூசிலாந்தும் நின்றுவிடவில்லை. 2002இல் தண்டனைச் சட்டம், பரோல் சட்டம், பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் மூன்றும் வயதுவந்தோர் வழக்குகளுக்கும் மறுசீரமைப்பு நீதியைக் கொண்டுவந்தன. 2014 டிசம்பரில் இன்னும் ஒரு படி ஏறினார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட வழக்கில் பாதிக்கப்பட்டவர் ஒருவராவது இருந்தால், மறுசீரமைப்புச் சந்திப்புக்கு வாய்ப்புண்டா என்று விசாரித்து அறிய, தண்டனைக்கு முன் வழக்கைத் தள்ளிவைப்பது நீதிமன்றத்தின் கடமையாயிற்று. கேட்பதா வேண்டாமா என்பது யாருடைய விருப்பத்துக்கும் விடப்படவில்லை. இந்தத் துறையில் நடந்த சீர்திருத்தங்களில் மிக எளிய ஒன்றும், மிகப் பயனுள்ள ஒன்றும் இதுவே எனலாம்.

டெக்ஸாஸ்: கேட்பவர் பாதிக்கப்பட்டவரே

மரண தண்டனைக்குப் பேர்போன டெக்ஸாஸ் மாநிலம் 1993இல் எதிர்த்திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தது. அங்கே சிறைத் துறையின் கீழ் தொடங்கிய திட்டம் கொடுங்குற்றங்களுக்கானது. சந்திப்பைக் கேட்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கோ, கொலையுண்டவரின் குடும்பத்துக்கோ மட்டுமே உண்டு. கைதி கேட்க முடியாது. ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ மட்டும் முடியும். சந்திப்பால் கைதியின் பரோலுக்குச் சலுகை கிடையாது. அதனால் நடிப்புக்கான தூண்டுதல் குறைகிறது. சந்திப்புக்கு முன் மாதக்கணக்கில் ஆயத்தம் நடக்கும். என்ன கேட்க விரும்புகிறார், எந்தப் பதில் வந்தால் தாங்க முடியும், எது வந்தால் முடியாது என்பதையெல்லாம் சமரசர் தனித்தனியே இரு தரப்பிடமும் பேசித் தீர்த்துக்கொள்வார். தூக்குத் தேதி குறிக்கப்பட்ட கைதிகளைக் கொலையுண்டவரின் உறவினர் சந்தித்துப் பேசிய நிகழ்வுகளும் உண்டு. அவர்களில் பலர் மன்னிப்பு வழங்கப் போனவர்கள் அல்லர். கடைசி நிமிடங்களில் என்ன நடந்தது, ஏதாவது சொன்னாளா என்பது போன்ற கேள்விகளோடு போனவர்கள். அந்தப் பதில்கள் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இல்லை.

பெல்ஜியம்: எல்லாக் குற்றத்துக்கும், எல்லாக் கட்டத்திலும்

சிறு குற்றத்துக்குத்தான் சமரசம் என்பது பல நாடுகளில் எழுதப்படாத விதியாக இருந்தது. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழக அறிஞர்கள் 1993இல் அதைப் புரட்டிப் போட்டார்கள். அவர்கள் தொடங்கிய முன்னோடித் திட்டம், ஏற்கெனவே நீதிமன்றத்துக்குப் போவது உறுதியாகிவிட்ட கடும் குற்றங்களை எடுத்துக்கொண்டது. வழக்கு நிற்காது; தண்டனையும் தள்ளுபடியாகாது; இடையில் பேச்சு மட்டும் நடக்கும். 1996இல் மார்க் டுட்ரூ என்பவன் சிறுமிகளைக் கடத்திக் கொன்ற வழக்கு வெளிப்பட்டபோது, விசாரணையின் அலட்சியமும், பெற்றோரை அதிகாரிகள் நடத்திய விதமும் நாட்டையே கொதிக்க வைத்தன. அக்டோபர் 20 அன்று ஏறத்தாழ 3 லட்சம் பேர் பிரஸ்ஸல்ஸ் தெருக்களில் வெள்ளை ஊர்வலம் போனார்கள். பாதிக்கப்பட்டவரை ஓரங்கட்டிய நீதித்துறையை இனி அப்படியே விட முடியாது என்ற நிலை வந்தது.

2005 ஜூன் 22ஆம் தேதியிட்ட சட்டம் அதன் விளைவுகளில் ஒன்று. எந்தக் குற்றமானாலும், வழக்கின் எந்தக் கட்டமானாலும், சிறைத் தண்டனை ஓடிக்கொண்டிருக்கும்போதும், வழக்கில் நேரடித் தொடர்புள்ள எவரும் சமரசத்தைக் கேட்கலாம். கட்டணம் இல்லை. இப்படி ஒரு வசதி இருப்பதை அரசு வழக்கறிஞரும் நீதிமன்றமும் தெரிவிக்க வேண்டும். பேசியவை இரகசியம், இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே அதில் எதுவும் நீதிபதியிடம் போகும். நேரில் உட்கார மனமில்லாதவர்களுக்குச் சமரசர் தூது போவார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எடுத்துச் சென்று பதில் கொண்டுவருவார். பல வழக்குகள் முகம் பாராமலே இப்படி முடிந்துள்ளன. டெக்ஸாஸில் பாதிக்கப்பட்டவரின் கையில் மட்டும் இருந்த உரிமை பெல்ஜியத்தில் இரு தரப்புக்கும் பொதுவானது. ஐரோப்பாவில் இதைவிட விரிந்த சட்டம் இயற்றிய நாடுகள் அரிது.

ஐரோப்பிய ஆணையும் இங்கிலாந்தின் அனுபவமும்

ஐ.நா. பொதுச்சபை 1985இல் பாதிக்கப்பட்டோருக்கான அடிப்படை நெறிகளை அறிவித்தபோதே, சமரசம் போன்ற முறைகளைப் பொருத்தமான இடத்தில் பயன்படுத்தச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 அக்டோபர் 25 அன்று பிறப்பித்த பாதிக்கப்பட்டோர் ஆணை அதைவிடக் கறாரானது. 2015 நவம்பர் 16க்குள் உறுப்பு நாடுகள் அதைத் தத்தம் சட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. மறுசீரமைப்புச் சேவைகள் இருந்தால் அவற்றைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும். அவர் நலன் கருதி மட்டுமே சந்திப்பு நடக்க வேண்டும். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். குற்றவாளி அடிப்படை உண்மைகளை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பாதுகாப்பு விதிகள் செம்மையானவை. ஆனால் சேவையை நாடெங்கும் நிறுவியே ஆக வேண்டும் என்று ஆணை சொல்லவில்லை. சேவை இருந்தால் சொல்லுங்கள், நடந்தால் பாதுகாப்பாக நடத்துங்கள் என்பதோடு அது நின்றுவிடுகிறது. சேவை இல்லாத ஊரில் தகவல் பெறும் உரிமை வெற்றுக் காகிதம்.

இங்கிலாந்து இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே 2001 முதல் அரசு நடத்திய சோதனைகளை ஜோவன்னா ஷாப்லண்ட் தலைமையிலான குழு மதிப்பிட்டது. நேரடிச் சந்திப்பில் கலந்துகொண்ட பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் பேர் திருப்தி தெரிவித்தார்கள். குற்றவாளிகள் மறுபடி தண்டனை பெறும் எண்ணிக்கை 14 சதவீதம் குறைந்தது. அரசு மனம் இளகி, 2013இல் மூன்றாண்டுகளுக்கு 2.9 கோடி பவுண்டு ஒதுக்கியது. பாதிக்கப்பட்டோர் நெறித்தொகுப்பில் தகவல் பெறும் உரிமையும் சேர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும், இனங்கண்ட குற்றவாளியைச் சந்திக்க வாய்ப்புத் தரப்பட்டதாகத் தேசியக் குற்றக் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் ஒற்றை இலக்கச் சதவீதம்தான்.

2016இல் நாடாளுமன்றத்தின் நீதிக் குழு காரணங்களை ஆராய்ந்தது. அவற்றில் ஒன்று அலுவலகச் சிக்கல். பாதிக்கப்பட்டவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் போலீசிடம் இருக்கின்றன. சந்திப்பை நடத்தும் அமைப்பு வேறு. தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு அஞ்சி ஒருவர் மற்றவருக்கு எண்ணைத் தருவதில்லை. தர வேண்டுமானால் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். இன்னொன்று, கேட்கும் பொறுப்பு புகார் வாங்கும் போலீஸ்காரரிடம் விடப்பட்டது. வேலைப் பளுவில் அவர் மறந்துவிடுகிறார். அல்லது 'இந்த அம்மாவுக்கு இதெல்லாம் வேண்டியிருக்காது' என்று தாமே முடிவு கட்டிவிடுகிறார். நல்லெண்ணத்தோடுதான் அப்படிச் செய்கிறார். பாதிக்கப்பட்டவருக்கு வர வேண்டிய வாய்ப்பு பல நேரம் அந்த நல்லெண்ணத்திலேயே நின்றுபோகிறது.

கட்டாயமும் சென்னையும்

அழைப்பே வராதது ஒரு குறை என்றால், அழைப்பு உத்தரவாகிவிடுவது அதைவிடப் பெரிய குறை. குடும்ப வன்முறையிலும் பாலியல் குற்றங்களிலும் சமரசம் என்ற பெயரில் பெண்ணைப் பணிய வைப்பார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலம் 2000இல் இவ்வகை வழக்குகளை மறுசீரமைப்பு முறைக்கு அனுப்புவதை நிறுத்தி வைத்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2005இல் தொடங்கிய அமைப்பு ஒன்று வேறு வழியைத் தேடியது. பாலியல் வன்முறையில் தேர்ந்த வல்லுநர்கள் இரு தரப்புக்கும் தனித்தனியே துணையிருக்க, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டும் சந்திப்பு நடக்கும். ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியும் 2004இலேயே சட்டம் இயற்றிவிட்டு, இவ்வகைக் குற்றங்களுக்கு 2018 வரை கதவைத் திறக்கவில்லை.

இந்த எச்சரிக்கை ஏன் என்பதற்கு 2015 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கு சான்று. சிறுமியாக இருந்தபோது பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் குழந்தை பெற்ற பெண்ணோடு சமரசம் பேச வசதியாக, தண்டனை பெற்றவருக்கு இடைக்கால ஜாமீன் கிடைத்தது. வழக்கு சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டது. பேசுவதற்கு விருப்பமில்லை என்று அந்தப் பெண் வெளிப்படையாக மறுத்தார். ஜூலை 1 அன்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் வன்முறை வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை எனக் கண்டித்தது. சில நாள்களில் சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுசீரமைப்பு நீதியின் தோல்வியாகக் கணக்கிடுவது தவறு. பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தை முதலில் கேட்பது என்ற அதன் முதல் விதியே அங்கே இல்லை.

இந்தியச் சட்டத்தில் மறுசீரமைப்பு நீதிக்கென்று தனி அத்தியாயம் இல்லை. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் 2009 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேர முறை 2006இல் வந்தபோது, தீர்வு காணும் கூட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் இடம் தரப்பட்டது. ஏழாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களும் அதில் சேரா. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அதே முறை தொடர்கிறது. விண்ணப்பிக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமே. பாதிக்கப்பட்டவர் தாமாக அந்தக் கூட்டத்தைக் கேட்க முடியாது. புதிய சட்டம், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கு 90 நாளுக்குள் தெரிவிக்கும் கடமையைப் போலீசுக்கு விதித்திருக்கிறது. மறுசீரமைப்புச் சந்திப்பு வேண்டுமா என்று அவரைக் கேட்கும் கடமை எந்த அதிகாரிக்கும் விதிக்கப்படவில்லை.